கொழுக்குமலைப் பனியில் ஓர் இரவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் நின்று இலக்கிய விருந்து படைப்பது வழக்கம். இவ்வாண்டோ, மெட்ரிக் தேர்வோடு கல்வியை நிறுத்திவிட்டு, இருபது ஆண்டுகளாக இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கும் கடிதமும் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தர் ஒருவரைப் பேசப் பணித்துள்ளீர்கள். இதற்குக் காரணம் எங்கள் புலமை அன்று என்பதை யாம் நன்கு அறிவோம். நமது சங்கத்து இளைஞர் அணியினர் வரும் குளிர்காலத்தில் இமயமலைக்குச் சென்று, பனிமீது கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கக் கருதியுள்ளனர். அதனை அறிந்த செயலாளர் அவர்கள், "நீங்கள் தைத் திங்களில் சூரியநெல்லி மலைக்குச் சென்று குளிரில் கிடந்து வந்தீர்களே, அந்தக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்றார். அவர் சொல்லைத் தட்ட இயலவில்லை.

'நாங்கள்', 'யாம்' என்று பேசுவது எம்மைப் பெருமைப்படுத்திக்கொள்வதற்காக அன்று. 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்றவர் அறுவர். நால்வர் ஒரே அலுவலகத்து ஊழியர்; இருவர் கல்லூரியில் பயிலும் எங்கள் பிள்ளைகள். அவ்வறுவர் சார்பிலும் பேசுகின்றோம். ஆனால் இடையில் ஒரு பிழை வரும். அந்தப் பிழை மட்டும் அறுவருடையது அன்று. இங்கே நின்று பேசுகின்ற எமக்கே உரியது. அதைச் சொல்வதற்காகவே இவ்வுரைக்கு இசைந்தோம்.

பனி என்றவுடன் நம் மனக்கண்ணில் இமயமே தோன்றும். தென்னாட்டு மலைகளில் வானத்திலிருந்து பனித்துகள் பொழிவதில்லை என்பது உண்மையே. ஆயினும் மார்கழி, தைத் திங்களில் மூணாற்றைச் சுற்றியுள்ள உயர்ந்த பள்ளத்தாக்குகளில் குளிர் உறைநிலையைத் தொடுவதும், சில ஆண்டுகளில் அதற்கும் கீழே இறங்குவதும் உண்டு. விடியற்காலையில் புல்லின்மீதும் தேயிலையின்மீதும் உறைபனி உப்புப் பூத்தாற்போல் வெண்மையாகப் படிந்திருக்கும். வெயில் ஏறியபின் பனி பட்ட கொழுந்து கருகிவிடும். பார்க்க வருவோர்க்கு அது காட்சி. தோட்டத்தில் வேலை செய்வோர்க்கு அது இழப்பு. ஒரே பனிக்கு இவ்வாறு இரண்டு முகங்கள் உண்டு. மூன்றாவது முகம் ஒன்றும் உண்டு என்பதை மறுநாட்காலையிலேதான் அறிந்தோம்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குப் புகைவண்டியிலே சென்றோம். இருப்புப்பாதையில் ஊழியம் செய்வோர்க்கு அந்தப் பாதை ஒரு தனி மகிழ்ச்சி. 1928இல் திறக்கப்பெற்ற மீட்டர் பாதை அது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பெற்றது. 2022இல் தேனி வரையும், 2023 சூன் திங்களில் போடி வரையும் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் புல் முளைத்துக் கிடந்த நிலையத்தில் மீண்டும் மணி ஒலிப்பதைக் கேட்டபொழுது எங்களுள் ஒருவர் கண் கலங்கினார். அவர் பிறந்த ஊர் போடி.

போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும். பூப்பாறை வழியாகச் சூரியநெல்லியை அடைந்தோம். இடுக்கி மாவட்டத்துச் சிற்றூர் அது. சுற்றிலும் தேயிலை, சற்றுத் தொலைவில் ஆனையிறங்கல் நீர்த்தேக்கம். யானை இறங்கும் இடம் என்பது பெயரிலேயே இருக்கிறது. 'அரிக்கொம்பன்' என்று நாடெங்கும் பேசப்பெற்ற காட்டு யானையை 2023 ஏப்பிரலில் மயக்க ஊசி செலுத்திப் பிடித்தது இந்தச் சின்னக்கானல் பகுதியிலேதான்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் அதன் உச்சிக்குச் செல்ல வேண்டுமாயின் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகவே செல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கத்தில் உள்ளது, குரங்கணியிலிருந்து மேலேறும் செங்குத்தான ஒற்றையடிப் பாதை மட்டுமே. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் அறுபதை நெருங்கிய பெரியவர். தாய் தந்தையர் தோட்டத்து லயத்தில் வாழ்ந்து கொழுந்து பறித்தவர்கள். அவர்களுடைய முன்னோர் கங்காணியின் சொல்லை நம்பிப் பாண்டி நாட்டிலிருந்து மலையேறியவர்கள். நம்மைப் போல் பிழைப்புக்காக ஊர் விட்டவர்கள். நமக்கு மூன்று தலைமுறை மூத்தவர்கள். அவரை 'அண்ணே' என்று அழைத்தோம். அவர் எங்களைச் 'சார்' என்றே அழைத்தார். எத்துணை வேண்டியும் அதனை மாற்றிக்கொள்ளவில்லை.

"சுமையை ஜீப்பில் ஏற்றிவிடுங்கள், உச்சிக்கு முன் கிளம்பினால்தான் மூடுமேகம் இறங்குவதற்குள் சேரலாம்" என்றார். நாங்களோ தேநீர்க் கடையில் பேசிக்கொண்டு ஒரு மணி நேரத்தை வீணாக்கினோம். அவர் சினந்துகொள்ளவில்லை, வானத்தைப் பார்த்தார், எங்கள் காலணிகளைப் பார்த்தார், பிறகு நடந்தார். கல் பரப்பிய தோட்டப் பாதையில் ஏறினோம். முதல் அரை மணியில் இளைஞர் இருவரும் ஓடினர். அடுத்த அரை மணியில் அமர்ந்தனர். பெரியவர் தொடக்கம் முதல் ஒரே சீராக நடந்தார். "வியர்க்கும்படி நடக்காதீர்கள். உள்ளே நனைந்த துணிதான் இரவிலே குளிராக வந்து நிற்கும்" என்றார். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உலராது என்பதும், கம்பளி ஈரமானாலும் ஓரளவு வெம்மை காக்கும் என்பதும் நூல்களில் உள்ளவையே. ஆயினும் அவர் சொன்ன பிறகே எங்களுக்கு விளங்கின.

கொழுக்குமலை ஏறக்குறைய 7,900 அடி உயரத்தில் உள்ளது. உலகில் மிக உயரத்தில் அமைந்த தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றாகச் சொல்லப்பெறுவது. பழைய முறையிலே தேயிலை பதப்படுத்தும் தொழிற்சாலையும் அங்கே உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. மேலே சென்றடைந்தபொழுது மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் நின்றவர் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தைக் கடையில் வீணாக்கியதன் பயன் அது. கடைசித் தொலைவைப் பெரியவரின் குரலைப் பற்றிக்கொண்டே கடந்தோம். வடநாட்டுக் குளிர்காலத்தில் மூடுபனியில் சைகைக் கம்பம் தெரியாதபொழுது, தண்டவாளத்தில் வெடி வைத்து ஓட்டுநரை எச்சரிக்கும் நம் ஊழியரை நினைத்துக்கொண்டோம்.

கூடாரம் அடிக்க நாங்கள் தேர்ந்த இடம் ஓர் அழகான பள்ளம். காற்றுக்கு மறைவாக, புல் மெத்தை போல் இருந்தது. பெரியவர் மறுத்தார். குளிர்ந்த காற்று கனமானது. தெளிந்த இரவிலே அது நீர் போலச் சரிந்து பள்ளத்தில் தேங்கும். உறைபனி முதலிற் படிவது அங்கேதான் என்றார். மேட்டின் விளிம்பும் வேண்டாம், அங்கே காற்று கூடாரத்தைப் பிய்க்கும் என்று சொல்லி, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சமதளத்தைக் காட்டினார்.

நள்ளிரவில் மேகம் விலகிற்று. விண்மீன்களை அவ்வளவு நெருக்கத்தில் நாங்கள் கண்டதில்லை. குளிரோ எலும்பைத் தொட்டது. எங்களுள் ஒருவர், சமைத்த அடுப்பில் மிஞ்சியிருந்த கரிக் கங்குகளை இரும்புச் சட்டியில் அள்ளிக் கூடாரத்திற்குள் வைத்துவிட்டுத் திரையை இழுத்து மூடினார். பெரியவர் எங்கிருந்தோ அறிந்து விரைந்து வந்தார். சட்டியை வெளியே தூக்கிச் சென்று மண்ணைப் போட்டு மூடினார். "குளிர் கொல்லாது சார், கம்பளி இருக்கிறது. கரி கொல்லும்" என்றார்.

அவர் சொன்னது பழமொழி அன்று, உண்மை. கரி முற்றும் எரியாதபொழுது எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் உயிர்வளி சேர வேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்ளும். உறங்குபவர் உறக்கத்திலேயே இறப்பர். 2020 சனவரியில் நேபாள நாட்டுத் தாமன் என்னும் மலையூரில், கேரளத்திலிருந்து சுற்றுலா சென்ற எண்மர், குழந்தைகள் உட்பட, மூடிய அறையில் வெப்பமூட்டியை எரியவிட்டு உறங்கி இறந்ததை நீங்கள் செய்தித்தாளிற் படித்திருப்பீர்கள். எங்கள் கூடாரத்திலும் இரண்டு பிள்ளைகள் படுத்திருந்தனர்.

விடிந்தது. எங்கள் வெப்பமானி 4 பாகை காட்டிற்று. நேற்று நாங்கள் விரும்பிய பள்ளம் முழுவதும் வெள்ளை பூத்திருந்தது! கிழக்கே தேனிச் சமவெளியின்மீது மேகம் கடலாகப் பரந்திருக்க, அதன் விளிம்பிலிருந்து ஞாயிறு எழுந்தது. விலங்கு வாய் திறந்தாற்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சிங்கப்பாறையின்மீது செவ்வொளி பட்டது. வடக்கே டாப் ஸ்டேஷன் இருக்கும் திசையைப் பெரியவர் காட்டினார். 1902இல் மூணாற்றிலிருந்து காளைகள் இழுக்க ஓடிய ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908இல் அதற்கு மாற்றாக வந்த குறும்பாதை இரயிலும் தேயிலையைச் சுமந்து வந்து சேர்ந்த இடம் அது. அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குச் சென்றன. 1924 பெருவெள்ளம் அந்தப் பாதையை அழித்துவிட்டது. காலமெல்லாம் தண்டவாளத்தோடு வாழ்ந்த எங்களுக்கு அந்தத் திசையைப் பார்த்து நின்றதே ஒரு வழிபாடாக இருந்தது.

இனி, எம் பிழையைச் சொல்கின்றோம்.

அன்று மாலை போடியிலிருந்து வண்டி. இரவு மதுரையில் வடக்கே செல்லும் வண்டிக்கு முன்பதிவு. ஆனால் சூரியநெல்லிப் பாதையில் யானைக் கூட்டம் நிற்பதாகவும், ஜீப்புகள் கிளம்பவில்லை என்றும் செய்தி வந்தது. நண்பகல் வரை காத்திருக்க வேண்டும் என்றார் பெரியவர். கண்முன்னே மலைச் சரிவுக்குக் கீழே குரங்கணி. அங்கிருந்து போடி பக்கம். கேரளத்தைச் சுற்றிக்கொண்டு போவானேன்? "அண்ணே, இந்த வழியே இறங்கிவிடுவோம்" என்றோம். "வேண்டாம் சார்" என்றார். பேசிய கூலிக்கு மேல் இருமடங்கு தருவதாகச் சொன்னோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அமைதியாக ஒரு கல்லின்மேல் அமர்ந்துகொண்டார். "வனத்துறை அனுமதி இல்லாத வழி. நீங்கள் போக வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்" என்றார்.

பிறகு சரிவைக் கை நீட்டிக் காட்டினார். 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் மலையேற வந்தவர்கள் அந்தச் சரிவுகளிலேதான் காட்டுத் தீயில் சிக்கினர். பலர் இளம்பெண்கள். முதல்நாள் ஏறி, மேலே தங்கி, மறுநாள் இறங்கியவர்கள் அவர்களுள் பலர். இருபதுக்கும் மேற்பட்டோர் அங்கேயும் மருத்துவமனைகளிலுமாக மாண்டனர். உரிய அனுமதி இன்றிச் சென்றனர் என்று அரசு கூறிற்று. வான்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. அவற்றுக்கு முன்னரே மலையூர் மக்கள் தண்ணீரோடும் போர்வைகளோடும் ஓடினர்.

"புகையை நாங்கள் பார்த்தோம் சார். கூப்பிடும் குரலும் கேட்டது. போர்வையில் கிடத்தித் தூக்கினோம். அதற்குப் பிறகு இந்தச் சரிவைப் பார்த்தால் எனக்கு இரவு உறக்கம் வராது" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கூறவில்லை.

"இது தைத் திங்கள், குளிர்காலத்தில் தீ ஏது?" என்று எம் மகன் கேட்டான். பெரியவர் குனிந்து ஒரு பிடி புல்லைப் பறித்து அவன் கையிலே வைத்தார். இரவு பனி உறைந்து, பகலில் வெயில் காய்ந்து, பழுப்பேறிய புல். கையில் நொறுங்கிற்று. மலைப் புல்வெளியைக் கருக்குவது இந்த உறைபனியே. மார்கழியில் பனி கருக்கிய புல், மாசியிலும் பங்குனியிலும் தீக்கு விறகாகும். ஒரு பொறி போதும். தீ சமவெளியில் பரவுவதைவிட மேல்நோக்கிய சரிவில் விரைந்து ஏறும். மேலே இருக்கும் புல்லைத் தன் வெம்மையாலே முன்கூட்டியே உலர்த்திக்கொண்டு ஏறும். ஆளுயரப் புல்லில் மனிதன் ஓடித் தப்புதல் அரிது. நாங்கள் படம் பிடித்து மகிழ்ந்த வெண்பனிக்கு இருந்த மூன்றாவது முகம் இதுவே.

அவையோரே! யாம் வெட்கித் தலைகுனிந்தோம். வண்டி இயக்குதல் எங்கள் பணி அன்று. தாளும் பேனாவுமே எங்கள் பணி. ஆயினும் இருபது ஆண்டுகள் நிலையத்தில் அமர்ந்தவர்க்கு ஒன்று தெரியும். அடுத்த நிலையத்திலிருந்து லைன் கிளியர் கிடைக்காமல் எந்த வண்டியும் நகராது. பெட்டி நிறைய அமைச்சர்களே இருக்கட்டும். பயணிகள் சன்னலைத் தட்டிக் கூச்சலிடட்டும். நிலைய அதிகாரி அசையமாட்டார். அவருக்குப் பணம் கொடுத்து வண்டியை நகர்த்த எவரேனும் முயன்றால் நாங்களே அவரைப் பிடித்துக் காவலரிடம் ஒப்படைப்போம். அத்தகைய நாங்கள், மலையிலே சிவப்பு விளக்காக அமர்ந்திருந்த ஒரு மனிதரிடம் இருமடங்கு கூலி நீட்டினோம்! கூலி கொடுத்ததனால் அவர் எமக்கு ஏவலாளர் ஆகிவிட்டார் என்று எண்ணியதே எம் பிழை. சுமை தூக்குவதற்கும் வழி சொல்வதற்கும் நாம் கூலி தருகின்றோம். 'இனிப் போகாதே' என்று சொல்லும் உரிமையை நாம் தருவதில்லை. அது மலையை அறிந்ததனால் அவருக்கு வந்த உரிமை.

நண்பகலுக்குப் பின் யானைகள் விலகின. சூரியநெல்லிக்கு இறங்கினோம். போடியில் வண்டி போய்விட்டிருந்தது. மதுரை வண்டியும் போயிற்று. பயணச்சீட்டுப் பணமும் இரண்டு நாள் விடுப்பும் இழந்தோம். இழந்தது அவ்வளவே. அறுவர் சென்றோம், அறுவர் திரும்பினோம்.

இளைஞர்களே! நீங்கள் செல்லவிருப்பது இன்னும் பெரிய மலை. கேதார்காந்தா போன்ற குளிர்கால உச்சிகள் 12,500 அடியைத் தொடுவன. அங்கே கூடாரத்தின்மீது பனி கனக்கும், உயிர்வளி குறையும், தலைவலியும் குமட்டலும் வந்தால் அதனை மறைத்துக்கொண்டு ஏறுவது வீரம் அன்று, உடனே கீழே இறங்குவதே மருந்து. வழிகாட்டிகளோடு செல்வோர்க்கும் மலை இரக்கம் காட்டுவதில்லை. 2024 சூன் திங்களில் உத்தரகாண்டத்தின் சகஸ்திரதால் ஏரிக்குக் கருநாடகத்திலிருந்து சென்ற குழுவினருள் ஒன்பதின்மர் பனிப்புயலில் சிக்கி இறந்தனர். அஞ்ச வைப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. செல்லுங்கள்! நம் பிள்ளைகள் மலை ஏற வேண்டும். பனியைத் தொட வேண்டும். வானத்தை அருகிலே காண வேண்டும். தமிழ்நாட்டு அரசும் குரங்கணிக்குப் பின் மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024இல் 40 வழித்தடங்களைப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. காட்டுத் தீப் பருவத்தில் அவற்றை மூடியும் வைக்கிறது. மூடுவதும் வழிகாட்டுதலே என்பதை இப்பொழுது அறிகின்றோம்.

எங்கள் வேண்டுகோள் மூன்றே. அனுமதி பெற்ற வழியில் மட்டும் செல்லுங்கள். கூடாரத்திற்குள் கரியோ அடுப்போ எரிக்காதீர்கள். மூன்றாவதாக, திரும்பும் வண்டிக்கு முன்பதிவு செய்யும்பொழுது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். இது சீட்டு எழுதுவோர் சொல்லும் சிறு யோசனை போலத் தோன்றும். ஆனால் எம்மைப் பிழைக்குத் தள்ளியது துணிச்சல் அன்று. கையில் இருந்த முன்பதிவுச் சீட்டே. அவசரம் இல்லாதவனுக்கே வழிகாட்டியின் சொல் காதில் விழும்.

விடைபெறும்பொழுது பேசிய கூலிக்கு மேல் ஒரு தொகையைப் பெரியவரிடம் நீட்டினோம். அவர் பேசிய கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எம் மகள் கையில் கொடுத்தார். "கம்பளிச் சட்டை வாங்கிக்கொள் அம்மா. இந்தத் துணி மலைக்குப் பற்றாது" என்றார்.

அந்தக் கம்பளிச் சட்டையை அவள் இன்று அணிந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். இளைஞர் அணியோடு இமயத்திற்குச் செல்பவர்களுள் அவளும் ஒருத்தி. அவளை மட்டுமன்று, உங்கள் அனைவரையும் முழுதாகத் திரும்பக் காண வேண்டும் என்பதே எங்கள் வேட்கை.